கடலோரச் சுவருக்குக் கண்ணாடி பிரேமா, மெட்டல் பிரிண்ட்டா? பணம் போன பிறகு தெரிந்துகொண்டவை

படம் எடுப்பது பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். கேமரா, லென்ஸ், எடிட்டிங் என்று எதைக் கேட்டாலும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. ஆனால் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, மாட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒருவரிடம் காசு வாங்கி விற்று, இரண்டு மழைக்காலம் கழித்தும் அது சுவரில் ஒழுங்காக இருக்கச் செய்வது எப்படி என்று சொல்ல எனக்கு யாருமே கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறி நானாகவே கற்றேன். அதற்குள் ஒன்றே கால் லட்சம் ரூபாய் போனது, ஒரு நல்ல வாடிக்கையாளரின் நம்பிக்கையும் கிட்டத்தட்டப் போயிருக்கும். படங்களை விற்க ஆரம்பிக்கும் யாருக்காவது, குறிப்பாகக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது புதுச்சேரியில். மரக்காணம் உப்பளம், கழுவேலி, பிச்சாவரம், பழவேற்காடு என்று கடலும் கழியும் சேரும் இடங்கள்தான் என் படங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு விடுதியின் உரிமையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, எல்லா அறைகளுக்கும் தாழ்வாரத்துக்கும் வரவேற்பறைக்கும் படம் வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். பெரும்பாலானவை 16க்கு 24 அங்குலம், வரவேற்பறைக்கு மட்டும் 24க்கு 36. போட்டோ பேப்பரில் பிரிண்ட் போட்டு, ஊரில் பல வருடமாகத் தொழில் செய்யும் ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். கறுப்பு பிரேம், முன்னால் கண்ணாடி, பின்னால் மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை. சிறிய அளவில் ஒன்றுக்கு 2,800 ரூபாய் ஆனது. மாட்டி முடித்த அன்று அந்த அறைகளைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

அப்புறம் மழை வந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. விடுதிக்குள் வெள்ளம் புகவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, விருந்தினர்கள் இல்லை, அறைகள் பூட்டியே கிடந்தன. டிசம்பர் பாதியில் உரிமையாளர் போன் செய்தார். "மேடம், படத்துல திட்டுத்திட்டா ஏதோ தெரியுது, ஒரு தடவ வந்து பாத்துடுங்க." போய்ப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சில படங்களில் கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவே எண்ணெய் ஊறியதுபோல வழவழப்பான திட்டுகள். சிலவற்றில் வானம் இருக்கும் பகுதி முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகளாகப் பூஞ்சை. வரவேற்பறைப் பெரிய படத்தில் எம்டிஎஃப் ஊதிப்போய், பிரிண்ட் அலை அலையாக நெளிந்திருந்தது. ஒரு பிரேமைக் கழற்றிப் பேப்பரை மெதுவாக இழுத்தேன். படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. கழுவேலியில் விடியற்காலையில் எடுத்த படம் அது. வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்துப் புரிந்துகொண்டேன். சாதாரண போட்டோ பேப்பரின் மேல்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் இறுகும். கண்ணாடியில் நேரடியாகப் பட்டுக்கொண்டிருந்தால், இளகும்போது ஒட்டி, காயும்போது அப்படியே பிடித்துக்கொள்ளும். நடுவில் மவுண்ட் போர்டோ (படத்தின் ஓரங்களைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை), கண்ணாடியைத் தள்ளி நிறுத்தும் மெல்லிய பட்டையோ இருந்தால் இது நடக்காது. கடையில் அதைப் போடவும் இல்லை, போட வேண்டும் என்று சொல்லவும் இல்லை. பூஞ்சைக்கும் ஜெலட்டின், பேப்பர், பசை எல்லாம் நல்ல தீனி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே அது வளர ஆரம்பித்துவிடும், கடலோரத்தில் மழைக்காலம் முழுக்க அதைத் தாண்டித்தான் இருக்கிறது. விடுதி அறைகளில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஆள் இருக்கும்போது ஏசி, ஆள் போனதும் நிறுத்திவிடுவார்கள். குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் வேர்க்கும். பின்பக்கம் வெளிச்சுவர் ஈரத்தை எம்டிஎஃப் உறிஞ்சும். இரண்டு பக்கமும் ஈரம், நடுவில் என் படம்.

பிரேம் கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "கடலோரத்துல இதெல்லாம் சகஜம்மா, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திக்கணும்" என்றார். சகஜம் என்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது. விடுதிக்காரரிடம் நான் விவாதம் செய்யவில்லை. கெட்டுப்போன அத்தனையையும் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றேன். பிரிண்ட், போக்குவரத்து எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல் போனது. உங்களுக்கு இப்படி நடந்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கண்ணாடியில் ஒட்டிய பிரிண்ட்டைப் பிய்க்காதீர்கள். டிஜிட்டல் படமென்றால் மறுபடி பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் இல்லாத பழைய குடும்பப் படமென்றால், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். பிய்த்தால் திரும்ப வராது.

இதே சமயத்தில்தான் கூரியர் அடியும் விழுந்தது. பெங்களூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மூன்று பெரிய பிரேம்கள் அனுப்பினேன். கண்ணாடி என்றதும் பலர் எடுக்கவே மாட்டோம் என்றார்கள், எடுத்தவர் உடைந்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டார். மரச்சட்டம் அடித்துத்தான் அனுப்பினேன். மூன்றில் இரண்டு உடைந்தே போய்ச் சேர்ந்தன. உடைந்த சில்லுகள் வழியெல்லாம் ஆடி ஆடிப் பிரிண்ட்டையும் கீறிவிட்டன, ஆக மூன்றில் இரண்டில் மிஞ்சியது பிரேம் மட்டும்தான். எடைக் கணக்கும் அப்போதுதான் உறைத்தது. கூரியரில் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருவது அதிகமென்றால் அதற்குத்தான் காசு. 24க்கு 36 படம், பிரேமும் பேக்கிங்கும் சேர்ந்து 82க்கு 112க்கு 15 என்று வந்தால் 27 கிலோவுக்கு மேல் கணக்காகிவிடும். அதே படம் பிரேமில்லாமல் மெட்டல் பிரிண்ட்டாக, அதாவது அலுமினியத் தகட்டில் இருந்தால், நன்றாகப் பேக் செய்தாலும் 71க்கு 101க்கு 6, ஒன்பது கிலோவுக்குள் முடிந்துவிடும். வெளியூருக்கு விற்பவர்கள் விலை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, கண்ணாடியே இல்லாமல் என்ன வழி என்று தேடும்போதுதான் மெட்டல் பிரிண்ட்டுக்கு வந்தேன். இங்கேயும் ஒரு குழி இருந்தது. நம் ஊரில் மெட்டல் பிரிண்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்களை விற்கிறார்கள். முதலாவது, கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் இடங்களில் கிடைப்பது. ஏசிபி ஷீட் மேல், புறஊதா ஒளியில் மையைக் காயவைக்கும் யுவி மெஷினில் நேராகப் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். ஏசிபி என்பது முழு உலோகம் இல்லை, இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்டிக். இதில் மை தகட்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, ஷீல்டு, மெமெண்டோ செய்யும் கடைகளில் இருக்கும் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அதில் வெப்ப முறையில்தான் படம் ஏற்றுவார்கள், ஆனால் பெரிய அளவில் எடுத்தால் தகடு வளையும், நெளியும். மூன்றாவதுதான் நாம் தேடுவது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனமுள்ள ஒற்றை அலுமினியத் தகடு, அதன் மேல் இதற்கென்றே பூசிய ஒரு பாலிமர் பூச்சு. குரோமாலக்ஸ் என்ற பிராண்டை இதில் அதிகம் கேள்விப்படுவீர்கள். படத்தை முதலில் ஒரு டிரான்ஸ்ஃபர் பேப்பரில் இடவலம் மாற்றிப் பிரிண்ட் போட்டு, தகட்டின் மேல் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அழுத்துவார்கள். அந்தச் சூட்டில் சாயம் ஆவியாகிப் பூச்சுக்கு உள்ளே இறங்கிவிடும். அதாவது படம் மேலே ஒட்டியிருக்காது, பூச்சுக்குள்ளேயே இருக்கும். அதனால் உரியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். பூஞ்சைக்குத் தின்ன அதில் பேப்பரும் இல்லை, ஜெலட்டினும் இல்லை.

எனக்கு முதலில் கிடைத்தது ஏசிபி ரகம். 24க்கு 36 அளவு 2,500 ரூபாய் என்றார்கள், விலையைக் கேட்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. வந்த படங்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மை மேடாகத் தெரிந்தது, ஓரத்தில் நகம் பட்டதும் வெள்ளையாகப் பெயர்ந்தது. உப்பளத்தின் மென்மையான இளஞ்சிவப்பெல்லாம் விளம்பரப் பலகை நிறமாகிவிட்டது. கடைக்கு அதுதான் மெட்டல் பிரிண்ட், அவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த வகையில் பன்னிரண்டாயிரம் போனது. ஆகவே நீங்கள் கடைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டிரான்ஸ்ஃபர் பேப்பர் வெச்சு ஹீட் பிரஸ்ல அடிப்பீங்களா, இல்ல நேரா தகட்டுலயே பிரிண்ட் ஓட்டுவீங்களா?" நேராக என்றால் அது யுவி. பதில் தெளிவாக இல்லையென்றால் மாதிரியின் விளிம்பைப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே கறுப்பாகவோ சாம்பலாகவோ பிளாஸ்டிக் தெரிந்தால் ஏசிபி. அதோடு அவர்களுடைய ஹீட் பிரஸ் என்ன அளவு என்றும் கேட்டுவிடுங்கள். டீஷர்ட், மெமெண்டோ செய்யும் பல இடங்களில் இருப்பது 16க்கு 24 பிரஸ். அதைவிடப் பெரிய படத்தை அவர்கள் எடுத்துக்கொண்டால் வேறெங்கோ கொடுத்துத்தான் வாங்கித் தருவார்கள், தரத்துக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது.

நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடிக்க வெளியூரில்தான் தேட வேண்டியிருந்தது. விலை கூடுதல்தான். 16க்கு 24 எனக்கு 4,500 ரூபாய் ஆனது, 24க்கு 36 ஒன்பதாயிரத்தைத் தொட்டது. அதனால் நேராகப் பெரிய அளவுக்குப் போகாமல், ஒரே படத்தைச் சிறிய அளவில் எல்லா வகையிலும் மாதிரி எடுத்தேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைப் பூச்சுள்ள தகட்டில் போட்டால் படத்தின் வெள்ளை வெள்ளையாக இருக்கும். வெள்ளிநிறத் தகட்டில் போட்டால் படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் உலோகம்தான் தெரியும். பிச்சாவரத்துத் தண்ணீரில் வெயில் மின்னும் படம் வெள்ளித் தகட்டில் உயிரோடு அசைவதுபோல இருந்தது, அதை நான் இன்னும் விற்காமல் வீட்டில் வைத்திருக்கிறேன். அதே தகட்டில் ஒரு மீனவப் பாட்டியின் முகத்தைப் போட்டபோது முகம் இருண்டு, சாம்பல் பூசியதுபோல ஆகிவிட்டது. மனித முகத்துக்கு வெள்ளித் தகடு வேண்டவே வேண்டாம்.

பளபளப்பா, மேட்டா (பளபளப்பு இல்லாததா) என்பதும் படத்தைவிடச் சுவரைப் பொறுத்த விஷயம். பளபளப்பான தகட்டில் நிறம் ஆழமாக, கறுப்பு கறுப்பாக வரும், பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள். ஆனால் எதிரே ஜன்னலோ டியூப்லைட்டோ இருந்தால் கண்ணாடி பிரேமைப்போலவேதான் பிரதிபலிக்கும். மெட்டல் என்றால் கிளேர் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுதியின் தாழ்வாரத்துக்கு நான் மேட் எடுத்ததற்குக் காரணம் அதுதான். வாடிக்கையாளரிடம் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகலில் ஒன்று, விளக்குப் போட்ட பிறகு ஒன்று, அந்தச் சுவருக்கு எதிர்ச்சுவரும் ஒன்று. நேர் வெயில் விழும் சுவரென்றால் எந்த வகையையும் விற்காதீர்கள். சாயம் சாயம்தான், வெயிலில் வெளுக்கும். திறந்த வராந்தாவுக்குக் கேட்ட ஒருவருக்கு நான் மறுத்துவிட்டேன், வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் உப்புக்காற்றில் வெள்ளைவெள்ளையாகப் பூத்துப்போகும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மெட்டலுக்கு இருக்கும் உண்மையான பலவீனம் அதன் மூலைகள். கண்ணாடி மாதிரி நொறுங்காது, ஆனால் மூலையில் ஒரு அடி பட்டால் மடங்கிவிடும். மடங்கியதை நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும், அத்தோடு அந்தப் படம் முடிந்தது. எனக்கு ஒரு பெரிய படம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. நல்லவேளையாகப் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்திருந்ததால் அச்சகத்தார் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். நீங்களும் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், உங்கள் வாடிக்கையாளரையும் எடுக்கச் சொல்லுங்கள். நான் இப்போது அனுப்பும்போது நான்கு மூலைக்கும் தடித்த ஃபோம் காப்பு, முகப்பில் மெல்லிய ஃபோம் ஷீட், அப்புறம் தகட்டைவிட இரண்டங்குலம் பெரிய இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுகிறேன். பலகை பெரிதாக இருந்தால் அடி பலகையின் மூலையில்தான் விழும்.

மாட்டுவதற்குப் பின்னால் ஒரு கட்டை ஒட்டி, சுவரிலிருந்து முக்கால் அங்குலம் மிதப்பதுபோல நிறுத்துவார்கள். அந்தக் கட்டை எம்டிஎஃப் ஆக இருந்தால் பழைய கதைதான், ஈரத்தில் ஊதும், ஒட்டு விடும். நான் அலுமினியச் சட்டம் கேட்டு வாங்குகிறேன், கொக்கி துருப்பிடிக்காத எஸ்எஸ் எஃகில். எடையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 24க்கு 36 அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே நான்கு கிலோவுக்கு மேல். இந்தத் தகடு இரண்டு கிலோகூட வராது.

விற்பது வேறு கதை. நம் மக்களுக்குப் படம் என்றால் பிரேம். சாமி படம், கல்யாணப் படம், தாத்தா பாட்டி படம் எல்லாம் பிரேமுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் வீட்டுக்கு வாங்க வருபவர்கள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரேம் தனியா போட்டுக்கணுமா?" என்றுதான் கேட்பார்கள். பிரேமே இல்லாமல் பிரேம் போட்டதைவிட விலை அதிகம் என்றால் மனம் ஒப்பாது. வாயால் விளக்கிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். இப்போது கையில் ஒரு சிறிய மாதிரித் தகடும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருக்கிறேன். அவர்கள் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்துவிடும். மருத்துவமனைகள், விடுதிகள், உணவகங்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். தினமும் துடைக்கும் இடத்தில் கண்ணாடி இல்லாதது அவர்களுக்கு நிம்மதி, குழந்தைகள் வரும் இடத்தில் இன்னும் நிம்மதி.

இவ்வளவு சொன்னாலும் பிரேமை நான் விட்டுவிடவில்லை. கறுப்பு வெள்ளை முகங்கள், பழைய வீடுகளின் உட்புறம் போன்ற படங்களுக்குப் பருத்திப் பேப்பரின் மென்மை தகட்டில் வராது. எண் போட்டு, கையெழுத்திட்டுக் குறைந்த பிரதிகள் மட்டும் விற்கும் படங்களைச் சேகரிப்பவர்களும் பேப்பரைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு இப்போது பிரேம் செய்வது முழுக்க வேறு மாதிரி. அமிலமில்லாத மவுண்ட் போர்டு கட்டாயம், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக், பின்பக்கம் எம்டிஎஃப்புக்குப் பதில் ஈரம் ஏறாத பிளாஸ்டிக் ஷீட், இராமபாணப் பூச்சி நுழையாதபடி சுற்றிலும் டேப், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றுப் போக நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு. இத்தனையும் செய்தால் 16க்கு 24 பிரேம் மெட்டலின் விலைக்கு வந்துவிடுகிறது. முதலில் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

விடுதிக்கு மாற்றிக் கொடுத்தவை எல்லாம் வெள்ளைத் தகட்டில், மேட். அதற்குப் பிறகு வந்த வடகிழக்குப் பருவமழையில் தாழ்வாரச் சுவரில் பெயிண்ட் உரிந்தது, படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆர்டர் எடுக்கும்போதே பில்லில் எழுதிக் கொடுக்கிறேன்: தகடா பேப்பரா, எந்தப் பூச்சு, நேர் வெயிலில் மாட்டக் கூடாது, எதால் துடைக்க வேண்டும், பார்சலை எத்தனை நாளுக்குள் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது வரை. முன்பணம் பாதி வாங்காமல் அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவதில்லை. பெரிய அளவு என்றால் அதே கோப்பிலிருந்து கையளவு மாதிரி ஒன்று போட்டு, வாடிக்கையாளர் அதைத் தன் சுவரில் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மீதி வேலை. அந்த மாதிரிக்கு ஆகும் நானூறு ரூபாயை விலையிலேயே சேர்த்துவிடுகிறேன், இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.